சென்னையில் தையல்சிட்டைத் தேடிக் கண்டுகொள்வது எப்படி

அதிகாலையில் பால் பாக்கெட் போடுகிறவர் வந்துபோன சற்று நேரத்தில், சன்னலுக்கு வெளியே உள்ள செம்பருத்திச் செடியிலிருந்து "டுவிட்-டுவிட்-டுவிட்" என்று ஒரு குரல் விடாமல் கேட்கிறது. குரலின் வலிமையைப் பார்த்தால் மைனா அளவிலாவது ஒரு பறவை அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றும். சன்னலைத் திறந்தால் இலைகள் மட்டுமே தெரியும், குரலும் நின்றுவிடும். பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இந்தக் குரலைப் பற்றித்தான். அது தையல்சிட்டின் குரல். வாலையும் சேர்த்து அளந்தால் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமும், 6 முதல் 10 கிராம் வரை எடையும் உள்ள பறவை அது. ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள். அதன் எடை 7.7 கிராம். அவ்வளவு எடையுள்ள உடலிலிருந்துதான் தெருமுனை வரை கேட்கும் அந்தக் குரல் வருகிறது.

வெளிநாட்டு ஆவணப்படங்களைப் பார்த்துவிட்டு வருகிற இளைஞர்கள் சிலர், இது 'ரென்' என்னும் பறவையா என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ரென் குடும்பத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும், அவற்றில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே, அதிலும் பெரும்பகுதி நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் வெப்பமண்டலக் காடுகளிலும் மலைப்புதர்களிலும் வாழ்கின்றன. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் வந்து பரவிய அந்த ஒரே இனத்தை இந்தியாவில் காண வேண்டுமானால் இமயமலைக்குத்தான் போக வேண்டும்; சென்னையில் ரென் கிடையாது. ஆனால் ரென் அங்கே எப்படி வாழ்கிறதோ, அதே போன்ற வாழ்க்கையை இங்கே வாழ்கிற இரண்டு பறவைகள் நம் தோட்டங்களில் இருக்கின்றன. ஒன்று தையல்சிட்டு; மற்றொன்று சாம்பல் கதிர்க்குருவி. இரண்டும் அடர்ந்த செடிகளுக்குள் தாழ்வாகத் திரிந்து, இலையடியிலுள்ள பூச்சிகளைத் தின்று, வாலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, உடலுக்குப் பொருந்தாத உரத்த குரலில் கத்துபவை. இந்த ஒற்றுமையைக் கண்டுதான் ஆங்கிலேயர் காலத்துப் பறவை நூல்கள் கதிர்க்குருவிகளை 'ரென்-வார்ப்ளர்' என்று குறித்தன. இன்றைய வகைப்பாட்டில் தையல்சிட்டும் கதிர்க்குருவியும் ரென்களோடு நெருங்கிய உறவில்லாத 'சிஸ்டிகோலிடே' என்னும் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ரென்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆண்டீஸ் மலையின் மூங்கில் புதர்களில் வாழும் ஒருவகை ரென்னில் ஆணும் பெண்ணும் மாறி மாறி, இடைவெளி தெரியாத வேகத்தில், ஒரே பாட்டைச் சேர்ந்து பாடும். கேட்கிறவருக்கு ஒரே பறவை பாடுவது போலவே இருக்கும். 2011இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த இணையில் ஒவ்வொரு பறவையின் மூளையும் தன் பங்கை மட்டும் வைத்திருக்காமல் இருவரும் சேர்ந்து பாடும் முழுப்பாட்டுக்கும் ஏற்ப இயங்குகிறது என்று காட்டியது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத அடர்ந்த புதரில் வாழும் பறவைகளுக்குக் குரல்தான் முகம். நமக்கும் அதுவே வழி. தையல்சிட்டைக் கண்ணால் தேடத் தொடங்குகிறவர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார். காதால் தேடத் தொடங்குகிறவர் ஒரு வாரத்துக்குள் பார்த்துவிடுகிறார். இதைப் பல ஆண்டுகளாகப் புதியவர்களோடு நடந்து நடந்து நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் வேலை: ஓர் இடம், ஒரு நேரம்

பறவை பார்ப்பது என்றால் உடனே பள்ளிக்கரணைக்கோ வேடந்தாங்கலுக்கோ கிளம்பிவிட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தையல்சிட்டுக்கு அது தேவையில்லை. உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் வரை செடிகள் அடர்ந்திருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். உயரமான தூங்குமூஞ்சி மரங்கள் மட்டும் இருந்து கீழே சிமெண்ட் தரையாக இருக்கும் இடம் உதவாது. செம்பருத்தி, நந்தியாவட்டை, எலுமிச்சை, கல்வாழை, கறிவேப்பிலை, அரளி, கொடிகள் படர்ந்த வேலி ஆகியவை இருந்தால் போதும். மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வரராவ் பூங்கா, கதீட்ரல் சாலையிலுள்ள செம்மொழிப் பூங்கா போன்றவை தொடங்குவதற்கு நல்லவை. அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் வளாகமும் கிண்டி தேசியப் பூங்காவும் இன்னும் சிறந்தவை. ஆனால் முதல் இடத்தில் நேரக் கட்டுப்பாடும், இரண்டாவதன் காட்டுப்பகுதிக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியும் உண்டு என்பதால், தினமும் போக வேண்டிய புதியவருக்கு அவை ஏற்றவையல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கத்தில் யாரும் கவனிக்காமல் வளர்ந்து கிடக்கும் செடிக்கூட்டம் பல வேளைகளில் பூங்காவைவிட மேலானது. கவனிக்கப்படாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு.

காலை விடிந்ததிலிருந்து முதல் ஒரு மணி நேரமே சிறந்த நேரம். ஜூன் மாதத்தில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. சனவரியில் ஆறரை மணியாகும். ஏழு மணிக்கு மேல் வண்டிகளின் இரைச்சல் கூடிவிட்டால், பழகாத காதுக்கு எதுவும் பிரிந்து கேட்காது. ஆண்டு முழுவதும் இந்தப் பறவை இங்கேயே இருக்கிறது என்றாலும், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அது அதிகமாகக் குரல் கொடுப்பதால், அந்த மாதங்களில் தொடங்குகிறவருக்கு வேலை எளிது.

இடம் முடிவானதும் நாள்தோறும் பதினைந்து நிமிடம் அங்கே உட்காருங்கள். நடக்க வேண்டாம். முதல் மூன்று நாட்களுக்கு எந்தப் பறவையையும் பார்க்க முயல வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு எத்தனை வகைக் குரல்கள் கேட்கின்றன என்று விரல்விட்டு எண்ணுங்கள். காகம், கிளி, மைனா, தவிட்டுக்குருவி ஆகியவற்றின் குரல்களை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். அவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சுபவற்றைக் கவனியுங்கள். இருநோக்கியோடு (பைனாகுலர்) குடியிருப்புப் பகுதியில் நிற்கப் போகிறீர்கள் என்றால், எதிர்வீட்டுக்காரரிடமும் காவலாளியிடமும் முன்பே ஒரு சொல் சொல்லிவிடுவது நல்லது. யார் வீட்டுச் சன்னலைப் பார்க்கிறீர்கள் என்ற ஐயம் எழுவது இயற்கையே. காரணத்தைச் சொன்னால், "எங்க மாடியிலகூட ஒண்ணு கத்துது சார்" என்று அவர்களே இடம் காட்டுவார்கள்.

குரலைப் பிரித்தறிதல்

இந்தப் பகுதியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆகவே இதற்கு ஒரு வாரம் ஒதுக்குவது தவறாகாது.

தையல்சிட்டின் குரலில் ஒரே அசையோ ஈரசையோ மாற்றமின்றித் திரும்பத் திரும்ப வரும். "டுவிட்-டுவிட்-டுவிட்" என்றோ "சீயப்-சீயப்-சீயப்" என்றோ, சில வேளைகளில் "ட்ச்சூ-ட்ச்சூ" என்றோ அது கேட்கலாம். அசை எதுவானாலும், ஒவ்வொன்றுக்கும் இடையிலுள்ள நேரம் சீராக இருக்கும். ஒவ்வொரு அசையும் கூர்மையாக வெட்டி நிற்கும். ஒரு தொடர் பத்து, இருபது முறை என நீண்டு, பிறகு சட்டென்று நிற்கும். ஒரே பறவை ஐந்து நிமிடம் கழித்து வேறோர் அசையில் தொடங்கினால், அது வேறு பறவை என்று எண்ணிவிடாதீர்கள்.

இதோடு முதலில் குழம்புவது ஒரு பறவையோடு அல்ல, அணிலோடு. பூனையையோ வல்லூறையோ கண்ட அணில், மரத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு "சிப்-சிப்-சிப்" என்று பத்து நிமிடம்கூட ஓயாமல் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் அதன் வால் ஒருமுறை துடிக்கும். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அணிலின் ஒலியில் ஓர் அசை மட்டுமே இருக்கும்; அது ஏறி இறங்காது; நெடுநேரம் ஒரே இடத்திலிருந்து வரும். தையல்சிட்டின் குரலோ ஒரு தொடர் முடிந்ததும் இரண்டடி தள்ளி அடுத்த செடியிலிருந்து மறுபடி எழும். குரல் இடம் மாறுகிறதா என்பதை மட்டும் கவனித்தாலே பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும்.

செம்மார்புக் குக்குறுவானின் "டுக்-டுக்-டுக்" ஒலியும் இப்படி நீண்டுகொண்டே போகும். ஆனால் அது உலோகத்தில் சுத்தியல் தட்டுவது போன்ற கனத்த ஒலி, அதுவும் மர உச்சியிலிருந்து வரும். தேன்சிட்டுகளின் குரல் இதைவிட மெலிந்தது; கம்பியை இழுப்பது போன்ற மெல்லிய கீச்சொலி அது. செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை வலசை வந்து தங்கும் நாணல் கதிர்க்குருவி ஒன்றும் இதே புதர்களில் மறைந்து வாழ்கிறது, நாக்கைச் சப்புக்கொட்டுவது போல "செக்... செக்..." என்று விட்டுவிட்டு ஒலிக்கும் அதன் குரல் தொடராக நீளாது.

சாம்பல் கதிர்க்குருவியின் குரலைப் பிரிப்பதற்குச் சற்றுப் பழக்கம் வேண்டும். அதன் பாட்டு "ஜிம்மி-ஜிம்மி-ஜிம்மி" என்று இரண்டு அசைகள் உருண்டு வருவது போல விரைவாகக் கேட்கும். தையல்சிட்டின் அசைகளைப் போல் வெட்டி நிற்காது. அச்சத்திலோ எரிச்சலிலோ அது மூக்கால் பேசுவது போல "டீ-டீ-டீ" என்று முறையிடும். இவற்றையெல்லாம்விட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. அது ஒரு புதரிலிருந்து மற்றொன்றுக்குப் பறக்கும்போது "டிக்-டிக்-டிக்" என்று மின்பொறி தெறிப்பது போன்ற ஒலி கேட்கும். நான் அதை முதன்முதலில் அடையாற்றின் கரையோரத்தில் கேட்டபோது, பக்கத்திலிருந்த மின்கம்பத்தில் ஏதோ பழுது என்று எண்ணி நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த நொடியில் ஒரு சிறு பறவை வாலை ஆட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கியது.

கைப்பேசியில் 'மெர்லின்' செயலியை இயக்கினால் அது குரலைக் கேட்டுப் பெயரைச் சொல்லும். அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் முதலில் நீங்கள் ஒரு பெயரை மனத்துக்குள் சொல்லிவிட்டு, பிறகு செயலியைப் பாருங்கள். செயலி சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவருக்கு ஆறு மாதம் ஆனாலும் காது பழகுவதில்லை. வண்டிச் சத்தத்துக்கு இடையே செயலியும் தவறும்; அதன் விடையைக் குறிப்பாக மட்டும் கொண்டு, பறவையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனிக் கண்ணுக்கு வேலை

குரல் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய நிலை வந்த பிறகு பார்க்கத் தொடங்கலாம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு, செடியிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். குரல் வந்த இலையையே உற்றுப் பார்க்காதீர்கள். செடி முழுவதையும் பொதுவாகப் பார்த்தபடி இருந்தால், காற்றில் அசையும் இலைகளுக்கு நடுவே காற்றோடு சேராமல் அசையும் ஓர் இலை தெரியும். பறவை அங்கே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தலையை நிமிர்த்தி மேலே தேடுகிறார்கள். தையல்சிட்டு இடுப்பு உயரத்திலும் முழங்கால் உயரத்திலும், பல வேளைகளில் பூந்தொட்டிகளுக்கு இடையே தரையிலும் தத்தித் திரிகிறது.

முதலில் கண்ணில் படுவது வால். முதுகோடு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும் அந்த வாலை அது தத்தும்போதெல்லாம் ஆட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து நெற்றியும் உச்சந்தலையும் துருச் சிவப்பாக இருப்பதைப் பாருங்கள். முதுகு மஞ்சள் கலந்த பச்சை. வயிறு அழுக்கு வெள்ளை. அலகு உடலுக்கு நீளமானது, ஊசிபோலக் கூர்மையானது, முனையில் மிக இலேசாக வளைந்தது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் நடுவால் இறகுகள் இரண்டு மட்டும் மற்றவற்றைத் தாண்டி நீண்டு நிற்கும். அப்படி ஒன்றைக் கண்டால் அது ஆண் என்று எழுதிக்கொள்ளலாம். அது கத்தும்போது கழுத்தின் பக்கவாட்டைக் கூர்ந்து பாருங்கள். தொண்டை உப்பும்போது இறகுகள் விலகி, அடியிலுள்ள கரிய தோல் ஒரு கறுப்புப் பொட்டு போலத் தோன்றும். கத்தி முடித்ததும் மறைந்துவிடும். இதை முதன்முறை பார்த்தவர்கள், கழுத்தில் கறுப்புப் பட்டையுள்ள வேறொரு பறவை என்று குறித்துவைப்பதை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

சாம்பல் கதிர்க்குருவிக்குத் தலையும் முதுகும் சாம்பல் நிறம், வயிறு வெளிர் செம்பழுப்பு, கண் சிவப்பு, அலகு குட்டையாகவும் கறுப்பாகவும் இருக்கும். நீண்ட வாலின் அடிப்புறத்தில் ஒவ்வொரு இறகின் முனையிலும் வெள்ளையும், அதற்குச் சற்று மேலே கறுப்புப் புள்ளியும் தெரியும். தையல்சிட்டு வீட்டுத் தோட்டத்தை விரும்பும். இது தோட்டத்திலும் இருக்கும் என்றாலும், ஏரிக்கரை, காலிமனை, புல் மண்டிய வாய்க்கால் ஓரம் ஆகியவற்றில் அதிகம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரப் புற்களில், கண்ணுக்கு மேல் வெளிர்நிறக் கோடும் மணல் நிறமும் கொண்ட மற்றொரு கதிர்க்குருவியும் உண்டு. முதல் இரண்டும் கைவந்த பிறகு அதைத் தேடிப் போகலாம்.

இருநோக்கி வாங்குவதானால் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) என்று குறிப்பிடப்பட்டதை வாங்குங்கள். எட்டு மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகித் தெரியும். பார்வைப் பரப்பும் சுருங்கி, தத்திக்கொண்டே இருக்கும் பறவையைப் பிடிக்க முடியாமல் போகும். அது எவ்வளவு பக்கத்திலுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டும் என்பதைக் கடையிலேயே கேட்டுச் சோதியுங்கள். இந்தப் பறவைகள் இரண்டு மூன்று மீட்டரில் வந்து உட்காருபவை. பறவையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இருநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை அணில்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். இருநோக்கி இல்லையென்றால் காத்திருக்கவும் வேண்டாம். தையல்சிட்டு வெறுங்கண்ணுக்கே போதுமான அளவு நெருங்கி வரும்.

குறிப்பேடு

பார்த்ததை அன்றன்றே எழுதுங்கள். "ஜூன் 8, காலை 6:10, எலுமிச்சைச் செடி, தரையிலிருந்து ஒரு முழ உயரம், பன்னிரண்டு முறை கத்தியது, வாலில் நீண்ட இறகு இல்லை, வாயில் பச்சைப் புழு" என்று எழுதினால், "தையல்சிட்டு பார்த்தேன்" என்பதைவிடப் பத்து மடங்கு பயன் உண்டு. வாயில் புழுவை வைத்துக்கொண்டு தின்னாமல் நிற்கிற பறவைக்கு அருகில் குஞ்சுகள் இருக்கின்றன என்பது இப்படி எழுதியவருக்குத்தான் பிறகு புரியும். விரும்பினால் இதே பதிவை, பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் திரட்டும் 'ஈபேர்டு' இணையதளத்தில் சேர்க்கலாம். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலும் அதில் இடமுண்டு. கூட்டாக நடக்க விரும்புகிறவர்கள், 1978 முதல் இந்நகரில் இயங்கிவரும் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்தின் களநடைகளில் சேரலாம். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று "இதோ, இப்போது கத்துவது" என்று விரலைக் காட்டினால், ஒரு வாரத்துப் பாடம் ஒரு நிமிடத்தில் ஏறிவிடும்.

கூட்டைக் கண்டால்

இதைப் படிக்கிறவர் வேறு எதை மறந்தாலும், இந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தையல்சிட்டு தன் பெயருக்கேற்பத் தைக்கிறது. அகன்ற ஓர் இலையை வளைத்து அதன் இரு ஓரங்களையும், இலை சிறியதாக இருந்தால் இரண்டு மூன்று இலைகளையும் சேர்த்து, விளிம்பில் அலகால் துளையிட்டு, பஞ்சு, செடிநார், சிலந்தி நூல் ஆகியவற்றை அந்தத் துளை வழியாக இழுக்கிறது. முடிச்சுப் போடுவதில்லை. வெளியே வந்த பஞ்சின் நுனி துளையைவிடப் பெரிதாக விரிந்து நிற்பதால், இழை பின்னோக்கி நழுவுவதில்லை. துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை வாடாமல் பச்சையாகவே இருக்கிறது. பக்கத்து இலைகளிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாமல் இருப்பதே அந்தக் கூட்டின் காவல். இப்படி உருவான பைக்குள் மெத்தென்ற பஞ்சுக் கிண்ணம் ஒன்றை அமைத்து, வழக்கமாக மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். ஏறக்குறைய பன்னிரண்டு நாட்களில் குஞ்சு பொரிக்கும். அதன்பின் இரண்டு வாரத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறும்.

அந்த ஒரு மாத காலத்தில் நீங்கள் செய்யக்கூடிய பேருதவி விலகி நிற்பதுதான். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டுக் கல்வாழையில் இருந்த ஒரு கூட்டைப் படமெடுப்பதற்காக, அதை மறைத்திருந்த பக்கத்து இலையை நான் ஒரு நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டினேன். படம் எடுத்து முடிந்ததும் அவிழ்த்துவிட்டேன். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மறுநாள் காலையில் இலை கிழிந்து, பஞ்சு மண்ணில் கிடந்தது. மதிற்சுவரில் காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. தாய்ப்பறவை அந்தச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டிருந்ததை நண்பகல் வரை கேட்டேன். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. காகமும் செண்பகப் பறவையும் பூனையும் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. நாம் எங்கே குனிந்து பார்க்கிறோமோ அங்கே அவையும் வந்து பார்க்கும்.

ஆகவே கூடு இருக்கும் செடியை ஐந்து மீட்டருக்கு அப்பாலிருந்து மட்டும் பாருங்கள். இலையை விலக்க வேண்டாம். உள்ளே எட்டிப்பார்க்க வேண்டாம். தினமும் ஒரே வழியில் போய் நிற்கவும் வேண்டாம். பறவை வாயில் இரையோடு நீண்ட நேரம் தயங்கி நின்றால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். பதிவுசெய்த குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. தன் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டது என்று எண்ணி அது கூட்டை விட்டுவிட்டு அலைபாயும் என்பதால், இனப்பெருக்கக் காலத்தில் இதை அறவே தவிர்க்க வேண்டும். காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையாடுதல் என்னும் சொல்லுக்குள்ளேயே அடங்குகின்றன. கூட்டின் இருப்பிடத்தைப் படத்தோடு சமூக ஊடகத்தில் போடாதீர்கள். வீட்டில் தோட்ட வேலை செய்கிறவரிடமும், குடியிருப்பில் செடி வெட்ட வருகிறவர்களிடமும் அந்தச் செடியை மட்டும் விட்டுவைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; செடியில் ஒரு துணித்துண்டு கட்டி அடையாளம் வைப்பதைவிட, நேரில் சொல்வதே பாதுகாப்பானது.

கூட்டில் தன் குஞ்சைவிடப் பெரிதான ஒரு குஞ்சுக்குத் தையல்சிட்டு ஊட்டுவதைக் கண்டால் தலையிட வேண்டாம். சிறு குயில் வகைகள் தையல்சிட்டின் கூட்டிலும் கதிர்க்குருவியின் கூட்டிலும் முட்டையிடுவது உண்டு.

வீட்டுக்கு வரவழைக்க

தானியம் தூவினால் இந்தப் பறவை வராது. அதன் உணவு பூச்சியும் புழுவும் சிலந்தியும், இடையிடையே பூவின் தேனும். மாடித்தோட்டத்தில் கத்திரி, எலுமிச்சை, செம்பருத்தி, கல்வாழை ஆகிய செடிகளைத் தொட்டி தொட்டியாகத் தள்ளி வைக்காமல் நெருக்கமாக வையுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்கு அது வெட்டவெளியைக் கடக்காமல் போக முடிய வேண்டும். பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால், அந்தச் செடியில் தையல்சிட்டு மேய்கிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். எங்கள் கறிவேப்பிலையில் புழுவே மிஞ்சாதபடி அது பார்த்துக்கொள்கிறது. மூலையிலுள்ள சிலந்தி வலைகள் எல்லாவற்றையும் ஒட்டடைக் கோலால் எடுத்துவிட வேண்டாம். இலவம்பஞ்சுத் தலையணை பிரிந்தால் ஒரு கைப்பிடிப் பஞ்சைக் கம்பியிடுக்கில் செருகிவையுங்கள். மார்ச் மாதத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைக் காணலாம். வெயில் மாதங்களில் அகன்ற மண்தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி நிழலில் வைத்து, கொசு பெருகாதபடி தினமும் மாற்றுங்கள்.

குஞ்சுகள் பறந்துபோய் ஒரு மாதம் ஆன பின், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பாக, தைத்த இலை மஞ்சளாகிச் செடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது பறவைக்கு அது தேவையில்லை. நீங்கள் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இலையைப் பறிக்காமல், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துளைகளின் அருகே பிடியுங்கள். துளைக்கு வெளியே விரிந்து நிற்கும் வெள்ளைப் பஞ்சுக் குஞ்சம் ஒவ்வொன்றாகத் தெரியும். போன ஆண்டு எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் பார்த்த கூட்டில், ஐந்தாவது தையலில் பஞ்சுக்குப் பதிலாக ஒரு நீலநூல் இருந்தது. கொடியில் காய்ந்த என் பழைய கைலியின் ஓரத்திலிருந்து அது உருவிப்போன நூல்.